பழைய காருக்குப் புது எண்ணெய்: மாற்றலாமா, வேண்டாமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

“ஓடுகிற வண்டியில் கை வைக்காதே” என்பது மெக்கானிக்குகள் அடிக்கடி சொல்லும் சொல். “காலத்தோடு எண்ணெய் மாற்று” என்பதும் அவர்கள் சொல்லும் சொல்லே. இவ்விரண்டு அறிவுரைகளும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அதுதான் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஆட்டோமேட்டிக் காரின் கியர் பெட்டி. அந்த எண்ணெயை இதுவரை மாற்றாமல் விட்டுவிட்டோம். இனி மாற்றினால் நன்மையா, தீமையா? இவ்வினாவை வேதியியல் மாணவி என்ற முறையில் ஆராய முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

இவ்வினா எனக்கு நூலகத்தில் எழுந்ததன்று. எங்கள் வீட்டுத் திண்ணையில் எழுந்தது. என் தந்தை ஓட்டுநர். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரிடம் பல ஆண்டுகளாகக் கார் ஓட்டி வருகிறார். முழங்கால் வலி உள்ள அவர், தாமும் சில வேளைகளில் ஓட்ட வேண்டும் என்பதற்காகக் கிளட்ச் மிதி இல்லாத ஆட்டோமேட்டிக் காரைப் பழையதாக வாங்கினார். சென்ற ஆண்டு அதன் கணக்கு 1,48,000 கிலோமீட்டரைத் தாண்டியது. கியர் பெட்டி எண்ணெயை முந்தைய உரிமையாளர் மாற்றியதாக எந்தச் சீட்டும் இல்லை. ஒரு மெக்கானிக், “தொடாதீங்க, புது எண்ணெய் ஊத்தினா ஒரு மாசத்துல பெட்டி போயிடும்” என்றார். மற்றொருவர், “இன்னைக்கே மெஷின் வெச்சு முழுசா கழுவித் தள்ளிடணும்” என்றார். உரிமையாளரோ, “நீயே பார்த்து முடிவு செய்யப்பா” என்று சொல்லிவிட்டார்.

அன்றிரவு அப்பா என்னிடம், “ஏம்மா, நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கிறே? எண்ணெயும் கெமிஸ்ட்ரிதானே? கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்” என்றார். பெட்டி பழுதானால் அதைச் சரிசெய்யும் செலவு, அந்தக் காரின் அன்றைய விலைக்கு அருகில் வந்துவிடும். பெட்டி போனால் வண்டி போகும். வண்டி போனால் ஓட்டுநர் எதற்கு? எனவே, தேர்வுத்தாளில் வரும் வினாவைப் போல ஏதோ ஒரு விடையை எழுதிவிட்டு எழுந்துவிட என்னால் இயலவில்லை.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

கையால் கியர் போடும் சாதாரணக் காரில், கியர் பெட்டி எண்ணெய்க்கு உள்ள தலையாய வேலை உயவுதான். பற்சக்கரங்களும் பேரிங்குகளும் தேயாமல் காப்பதே அதன் கடமை. கிளட்ச் பிளேட் பெட்டிக்கு வெளியே, எண்ணெய் படாத இடத்தில் இருக்கிறது.

ஆட்டோமேட்டிக் பெட்டியில் கதை வேறு. இங்கே எண்ணெய்க்கு ஐந்து வேலைகள் உள்ளன. முதலாவது, எஞ்சினின் சக்தியைப் பெட்டிக்குக் கடத்துவது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட்டினால், அதன் காற்றால் மற்றொன்றும் சுழலக் காண்கிறோம். காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்தால் அதுவே டார்க் கன்வெர்ட்டர். இரண்டாவது, உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்தத்தால் நெருக்கிப் பிடிப்பது. மூன்றாவது, உயவு. நான்காவது, வெப்பத்தைச் சுமந்து சென்று வெளியேற்றுவது. ஐந்தாவது, தேய்மானத் தூளை அடித்துச் சென்று வடிகட்டியிடமும் காந்தத்திடமும் ஒப்படைப்பது.

கிளட்ச் தட்டுகளைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். எஃகுத் தட்டும் உராய்வுத் தட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டு எண்ணெயில் மூழ்கியே இருக்கின்றன. உராய்வுத் தட்டின் மேற்பரப்பு, செல்லுலோஸ் முதலிய இழைகளைப் பீனால் பிசினால் பிணைத்துச் செய்த ஒருவகைக் காகிதமே. பீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து உருவாகும் பேக்லைட்டை நாம் பாடத்தில் படிக்கிறோம். இப்பிசின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. இத்தட்டுகள் நெருங்கும்போது வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். ஒரேயடியாகப் பிடித்தால் வண்டி குலுங்கும். பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தால் தட்டு கருகும். இந்த நடுநிலையைத் தருவன எண்ணெயில் கலந்துள்ள உராய்வு மாற்றிகள் என்னும் சேர்மங்கள். வினாவின் முடிச்சு முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்க.

சிறிது வரலாறு

எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் கருவிக்கு ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவர் அதைக் கப்பல்களுக்காகவே எண்ணினார். கார்களில் பெருமளவில் விற்பனையான முதல் தானியங்கிப் பெட்டி, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939இல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்கு அறிவித்த ஹைட்ராமேட்டிக் ஆகும். தொடக்கத்தில் எஞ்சின் எண்ணெய் போன்றவையே இதில் ஊற்றப்பட்டன. 1949இல்தான் அந்நிறுவனம் ‘டைப் ஏ’ என்னும் தனி எண்ணெய்க்கு இலக்கணம் வகுத்தது. பின்னர் 1967இல் ‘டெக்ஸ்ரான்’ வந்தது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. அக்கால எண்ணெய்களில் உராய்வு மாற்றியாக விளங்கியது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய்! 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கலப் பொருள்களுக்குத் தடை விதித்தது. 1973இல் அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டமும் வந்தது. அதன்பின் வேதியியலார் செயற்கைச் சேர்மங்களைக் கொண்டு அந்த இடத்தை நிரப்ப வேண்டியதாயிற்று. ஒரு திமிங்கலத்திற்கும் ஒரு காரின் கியருக்கும் தொடர்பு உண்டு என்று யாரேனும் முன்பே சொல்லியிருந்தால் நான் நகைத்திருப்பேன்.

எண்ணெய் எப்படி மூப்படைகிறது?

எண்ணெய் தேய்வதில்லை, ஆனால் கெடுகிறது. முதற்காரணம் ஆக்சிஜனேற்றம். வெப்பத்தில் ஹைட்ரோகார்பன் மூலக்கூறிலிருந்து ஒரு தனி உறுப்பு தோன்றுகிறது. அது ஆக்சிஜனுடன் சேர்ந்து பெராக்சைடாகி மேலும் தனி உறுப்புகளைத் தோற்றுவிக்கிறது. இத்தொடர்வினையின் முடிவில் ஆல்டிஹைடுகள், கீட்டோன்கள், கரிம அமிலங்கள் ஆகியவை உண்டாகின்றன. இவை ஒன்றோடொன்று பிணைந்து பிசுக்காகவும், உலோகத்தின்மேல் வார்னிஷ் போன்ற படலமாகவும் படிகின்றன. தேய்ந்து கலக்கும் செம்பும் இரும்பும் இவ்வினைக்கு ஊக்கிகள். இதைத் தடுக்கவே எண்ணெயில் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் சேர்க்கப்படுகின்றன. அவை தம்மையே கொடுத்து எண்ணெயைக் காக்கின்றன. அவை தீர்ந்தபின் எண்ணெய் மளமளவென்று கெடுகிறது. அதுவரை வெளியே பெரிய மாற்றம் தெரியாது என்பதே இதில் உள்ள ஏமாற்றம்.

வெப்பத்தின் பங்கை அர்ரீனியஸ் 1889இல் தந்த சமன்பாட்டால் அறியலாம். பல வினைகளுக்கு, வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது நாம் அறிந்த தோராய விதி. 80 பாகை செல்சியசில் இருக்க வேண்டிய எண்ணெய் 110 பாகையில் ஓடினால், 2 × 2 × 2, அதாவது சுமார் 8 மடங்கு வேகத்தில் அது மூப்படையும். சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. முழுச் சுமையுடன் மெதுவாக மலையேறும்போது டார்க் கன்வெர்ட்டரில் வழுக்கல் மிகுகிறது. அந்த வழுக்கலில் இழக்கும் சக்தி அத்தனையும் எண்ணெயில் வெப்பமாக இறங்குகிறது. ஆகவே இரண்டு கார்கள் ஒரே கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் அவற்றின் எண்ணெய்க்கு ஒரே வயது என்று சொல்ல இயலாது.

இரண்டாவது காரணம், பாகுத்தன்மை மேம்படுத்திகள் எனப்படும் நீண்ட பாலிமர் சங்கிலிகள், பற்சக்கரங்களின் இடையே நசுங்கித் துண்டாவது. இதனால் எண்ணெய் நீர்த்துப் போகிறது. மூன்றாவது, உராய்வு மாற்றிகள் சிதைவது. இதனால் தட்டுகள் வழுக்க வேண்டிய நேரத்தில் வழுக்காமல் கவ்வுகின்றன, வண்டி குலுங்குகிறது.

சோதனைச் சாலையில் நான் பட்ட பாடு

அந்தக் காரில் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி உண்டு. அந்தக் குழாய் வழியே மெல்லிய ரப்பர் குழலை விட்டு, ஊசிக்குழலால் சிறிதளவு எண்ணெயை உறிஞ்சி ஒரு சீசாவில் கொணர்ந்தேன். பேராசிரியரின் அனுமதியுடன் மூன்று சோதனைகளைச் செய்தேன்.

முதலில் அமில எண்ணைக் காண முயன்றேன். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலால் தரம் பார்த்து, பினாப்தலீன் இளஞ்சிவப்பாகும்போது நிறுத்த வேண்டும். ஆனால் புதிய எண்ணெய்க்குத் தயாரிப்பாளர்கள் சிவப்புச் சாயம் கலக்கிறார்கள். பழைய எண்ணெயோ தேயிலைச் சாற்றின் நிறம். சிவப்பில் இளஞ்சிவப்பை எங்கே தேடுவது? அச்சோதனையைக் கைவிட்டேன்.

இரண்டாவதாகப் பாகுத்தன்மை. ஆஸ்ட்வால்டு கருவியின் நுண்துளை, நீருக்கும் ஆல்கஹாலுக்கும் ஏற்றது. இந்த எண்ணெயை ஊற்றினால் மாலை மணி அடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எனவே ஒரே பிப்பெட்டில், ஒரே நீர்த்தொட்டி வெப்பநிலையில், பழையதையும் புதியதையும் மும்மூன்று முறை இறக்கி நேரம் பார்த்தேன். இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! “எண்ணெய் நன்றாகவே இருக்கிறது, சார்” என்று மகிழ்ச்சியோடு ஓடினேன்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. “ஆக்சிஜனேற்றம் எண்ணெயைத் தடிமனாக்கும் என்று நீதானே சொன்னாய்?” என்றார். “ஆமாம் சார்.” “பாலிமர் உடைந்தால் நீர்த்துப்போகும் என்றும் சொன்னாய்?” “ஆமாம் சார்.” “ஒன்று கூட்டுகிறது, மற்றொன்று குறைக்கிறது. கூட்டுத்தொகை பூச்சியம் என்றால், இரண்டும் பூச்சியம் என்று பொருளா?” நான் வாய் பேசாமல் திரும்பினேன். இரண்டாண்டுப் படிப்பில் நான் கற்ற சிறந்த பாடங்களுள் அது ஒன்று.

மூன்றாவது சோதனை எளியது. வடிதாளில் ஒரு சொட்டுப் பழைய எண்ணெயை இட்டு இரவு முழுவதும் விட்டேன். மறுநாள் நடுவில் சற்றுக் கருத்த புள்ளியும் சுற்றிலும் பழுப்பு வளையமும் தெரிந்தன. தொட்டுப் பார்த்தால் நறநறப்பு இல்லை. முகர்ந்தால் தீய்ந்த வாடையும் இல்லை. முதுமை உண்டு, ஆனால் கருகல் இல்லை என்ற அளவுக்கு மட்டும் இதிலிருந்து சொல்லலாம்.

“புது எண்ணெய் பெட்டியைக் கொல்லும்” என்பது உண்மையா?

இக்கூற்றை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுதல் முறையன்று. அனுபவசாலிகள் பலர் இதைக் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார்கள். அவர்கள் தரும் காரணம், “பழைய எண்ணெயில் கலந்திருக்கும் பிளேட் தூள்தான் பிடிப்பைத் தருகிறது, அதை எடுத்துவிட்டால் வழுக்கும்” என்பதாகும்.

தூள்தான் பிடிக்கிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. அத்தூள் வடிகட்டியை அடைப்பதும், வால்வுகளின் நுண்ணிய இடைவெளிகளைத் தேய்ப்பதும்தான் திண்ணம். ஆயினும் இக்கூற்றில் ஒரு விதையளவு உண்மை உள்ளது. பழைய எண்ணெயில் உராய்வு மாற்றிகள் சிதைந்திருப்பதால் அது சற்றுக் கவ்வும் தன்மை உடையது. புதிய எண்ணெய் அதைவிட வழவழப்பானது. தட்டுகள் நல்ல நிலையில் இருந்தால் இந்த வழவழப்பு நன்மையே செய்யும். தட்டின் காகிதம் ஏற்கெனவே தேய்ந்து, கடைசி மூச்சில் இருந்தால், அந்தச் சிறு வேறுபாடே அதை வழுக்க வைத்துவிடலாம். மேலும், புதிய எண்ணெயில் உள்ள அழுக்கு நீக்கிகள் நெடுங்காலப் படிவுகளைப் பெயர்க்கக்கூடும். பெயர்ந்த துணுக்கு ஒரு வால்வில் சிக்கினால் கியர் சரியாக விழாது. இயந்திரத்தை வைத்து ஒரே மூச்சில் முழுவதையும் தள்ளும் முறையில் இந்த அச்சம் மிகுதி.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். எங்கள் பாட்டி, “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரமாட்டான்” என்பார். அவர் சொன்னது பொய்யன்று. அவர் கண்டவர்கள் அப்படித்தான் போனார்கள். ஆனால் ஊரில் யாரும் நோயின் தொடக்கத்தில் அங்கே போகவில்லை. கைவைத்தியம் எல்லாம் பார்த்து, நோய் முற்றியபின்தான் போனார்கள். கியர் பெட்டியின் கதையும் இதுவே. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வரை எண்ணெயைத் திரும்பிப் பாராதவர், திடீரென்று ஏன் அதை மாற்ற வருகிறார்? வண்டி வழுக்கத் தொடங்கியதால் வருகிறார். பெட்டி அப்போதே பாதி போயிற்று. எண்ணெய் மாற்றிய சில நாளில் மீதியும் போகிறது. பழி எண்ணெய்மேல் விழுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பது இதற்குச் சாலப் பொருந்தும். நல்ல நிலையில் வந்து, எண்ணெய் மாற்றிக்கொண்டு போன வண்டிகள் மெக்கானிக்கின் நினைவில் நிற்பதில்லை. ஏனெனில் அவை திரும்பி வருவதில்லை.

‘ஆயுள் முழுதும் போதும்’ என்ற சொல்

சில பெட்டிகளுக்கு ஆயுள் முழுதும் எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை என்று கார் நிறுவனங்கள் எழுதுகின்றன. யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டும். கியர் பெட்டி செய்வதில் புகழ்பெற்ற ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், தன் ஆறு கியர் தானியங்கிப் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளில், எண்ணெயை மாற்றுமாறு பரிந்துரைக்கிறது. அதே பெட்டியைப் பொருத்தி விற்கும் கார்களில் ‘ஆயுள் எண்ணெய்’ என்ற சொல் வழங்கியதும் உண்டு. பெட்டியைச் செய்தவரின் சொல்லே நமக்கு வழிகாட்டியாதல் வேண்டும்.

எவ்வளவு மாறுகிறது? ஒரு கணக்கு

அடிப்பாத்திரத்தின் மரையைத் திறந்து எண்ணெயை வடித்தால் முழுவதும் வராது. டார்க் கன்வெர்ட்டரிலும் குளிர்விக்கும் குழாய்களிலும் பெரும்பகுதி தங்கிவிடும். எடுத்துக்காட்டாக, மொத்தம் 8 லிட்டர் கொள்ளும் பெட்டியில் 3.2 லிட்டர் மட்டும் வடிகிறது என்று கொள்வோம். அது 40 விழுக்காடு. ஒரு முறை மாற்றினால் 60 விழுக்காடு பழையது எஞ்சும். சில நாள் ஓட்டிக் கலந்தபின் மீண்டும் மாற்றினால் 0.6 × 0.6 = 0.36, அதாவது 36 விழுக்காடு எஞ்சும். மூன்றாம் முறை 21.6; நான்காம் முறை ஏறக்குறைய 13. வீழ்படிவைக் கழுவும்போது ஒரே முறை நிறைய நீர் ஊற்றாமல், சிறிது சிறிதாகப் பலமுறை ஊற்றிக் கழுவுகிறோம் அல்லவா? கணக்கு அதுவே.

மூன்று முறைக்கு 9.6 லிட்டர் செலவாகும். 8 லிட்டர் பெட்டிக்கு இது வீண் எனத் தோன்றலாம். ஆனால் மாற்றம் படிப்படியாக நிகழ்வதால் படிவுகள் ஒரே நாளில் பெயர்வதில்லை. ஒவ்வொரு முறையும் வடிந்த எண்ணெயைப் பார்த்து, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யவும் இயலுகிறது.

முடிவெடுக்கும் முறை

நான் தொகுத்துக்கொண்ட வழி வருமாறு:

1. வழுக்கல்: மிதியை அழுத்தும்போது எஞ்சின் இரைச்சல் ஏறியும் வண்டியின் வேகம் ஏறாமல் இருக்கிறதா?

2. தாமதம்: காலையில் முன் கியரிலோ பின் கியரிலோ போட்டபின் வண்டி பிடிக்க நேரமாகிறதா?

3. நிறமும் மணமும்: எண்ணெய் சிவப்பா, பழுப்பா, கருப்பா? தீய்ந்த வாடை உண்டா?

4. காந்தம்: வடிக்கும்போது காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு மட்டும் இருந்தால் அது இயல்பான தேய்மானம். உலோகச் செதில்களோ கருந்தூளோ நிறைந்திருந்தால் அது நோய்.

வழுக்கலும் தாமதமும் இன்றி, எண்ணெய் பழுப்பாக மட்டும் இருந்தால், கிலோமீட்டர் எவ்வளவு ஆயினும் மாற்றலாம். படிப்படியாக மாற்றுவது நன்று. வழுக்கல் தொடங்கி, எண்ணெய் கருத்துத் தீய்ந்திருந்தால், மாற்றினாலும் பெட்டி பிழைக்கும் என்ற உறுதி இல்லை, மாற்றாவிட்டாலும் பிழைக்காது. அங்கே தேவை எண்ணெய் அன்று, பழுதுபார்ப்பு. இதை உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

எந்நிலையிலும் பெட்டிக்கு உரிய எண்ணெயையே ஊற்ற வேண்டும். பெல்ட்டும் புல்லியும் கொண்ட சி.வி.டி. பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு. மாற்றி ஊற்றினால் கேடு. இந்தியாவில் 2014ஆம் ஆண்டு மாருதி செலேரியோவுடன் அறிமுகமான ஏ.எம்.டி. வகை, உண்மையில் கைக்கியர் பெட்டியே. கியரை மாற்றும் கைக்குப் பதில் ஒரு கருவி இருக்கிறது. அதற்கும் சாதாரண கியர் பெட்டிக்கும் எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் இல்லை. ஆதலால் புது எண்ணெய் பற்றிய இந்த அச்சமும் இல்லை. அளவு பார்ப்பதிலும் கவனம் தேவை. எண்ணெய் சூட்டில் விரிவடையும். எனவே கையேட்டில் சொன்ன வெப்பநிலையில், சமதரையில் பார்க்க வேண்டும். குறைந்தால் அழுத்தம் போதாது, மிகுந்தால் நுரைக்கும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டுவது குற்றம். 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி அது அபாயக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேர வேண்டும்.

முடிவில் நடந்தது

இவற்றையெல்லாம் அப்பாவிடம் ஒரு மாலை முழுவதும் சொன்னேன். முதல் இரண்டு வினாக்களுக்கும் என் சோதனைச் சாலையில் விடை இல்லை என்பதையும் சொன்னேன். அவர் எழுந்து போய் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். டயர் மாற்றிய நாள், பிரேக் பார்த்த நாள், பெட்ரோல் கணக்கு யாவும் கிலோமீட்டருடன் அதில் எழுதப்பட்டிருந்தன. “வழுக்கல் இல்லம்மா. ரிவர்ஸ் போட்டா வண்டி வாங்கின அன்னைக்கு எப்படிப் பிடிச்சுதோ அப்படியேதான் பிடிக்குது. மூணாவது மாறும்போது மட்டும் இந்த ஆறு மாசமா லேசா ஒரு உதறல். என் காலுக்குத் தெரியும்” என்றார்.

நான் வியந்து போனேன். உராய்வு மாற்றி சிதைந்தால் தட்டு கவ்வும், வண்டி குலுங்கும் என்று நான் நூலில் படித்ததை, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவர் தம் காலால் அளந்து வைத்திருந்தார். பிப்பெட்டால் காண முடியாத மாற்றத்தை அவர் கண்டிருந்தார். வழுக்கல் இல்லை, தாமதம் இல்லை, கருகல் இல்லை. மெல்லிய உதறல் மட்டும் உண்டு. மாற்றலாம் என்ற பக்கமே தராசு தாழ்ந்தது.

மறுநாள் அப்பா உரிமையாளரிடம் நன்மை தீமை இரண்டையும் சொன்னார். “பெட்டி நல்லா இருக்குன்னுதான் நினைக்கிறேங்க ஐயா. ஆனா உள்ளே பார்த்தவங்க யாரும் இல்லை” என்று அவர் சொன்னதாக அறிந்தேன். ஐயாவும் சம்மதித்தார். முதல் வடிப்பின்போது நானும் ஒர்க் ஷாப்பில் இருந்தேன். அடிப்பாத்திரம் இறங்கியது. காந்தத்தை மெக்கானிக் விரலால் தடவிக் காட்டினார். மையைப் போன்ற சாம்பல் களிம்பு. ஒரு செதிலும் இல்லை. அப்பா அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டதை நான் கவனித்தேன். புது வடிகட்டி போட்டு, கையேட்டில் குறித்த எண்ணெயையே ஊற்றினார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறையாக மேலும் இருமுறை மாற்றப்பட்டது. இரண்டாவது மாற்றத்திற்குப்பின் உதறல் குறைந்தது என்பது அப்பாவின் கால் தந்த அறிக்கை. வண்டி இன்றும் ஓடுகிறது.

இதனால் நான் சொன்னது மெய்ப்பிக்கப்பட்டது என்று எழுதினால், முன்பு நான் குறைகூறிய அதே பிழையை நானும் செய்தவளாவேன். ஒரு வண்டி ஓடுவது சான்றாகாது. ஒரு வண்டி நிற்பதும் சான்றாகாது. ஆனால் இவ்வளவு சொல்லலாம்: வினா ‘எத்தனை கிலோமீட்டர் ஓடியது?’ என்பதன்று; ‘இன்று எந்த நிலையில் இருக்கிறது?’ என்பதே. நோய் வருமுன் மாற்றிய எண்ணெய் மருந்து. நோய் முற்றியபின் மாற்றிய எண்ணெய் பழி சுமக்கும் வெறும் திரவம்.

இன்னும் ஒன்று. வேதியியல் கற்ற நான், கற்காத தந்தைக்கு வழி சொல்லப் போகிறேன் என்று எண்ணித்தான் இதைத் தொடங்கினேன். நோட்டுப் புத்தகத்தில் நாள் தவறாமல் குறித்து, கண்டதைக் கண்டபடி சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதுதான் அறிவியல் என்றால், அது எங்கள் வீட்டில் நான் கல்லூரிக்கு வருவதற்கு முன்பே இருந்திருக்கிறது. அதற்குப் பெயர் சூட்டும் வாய்ப்பு மட்டுமே எனக்கு இக்கல்லூரியில் கிடைத்தது.